டேங்கில் மிஞ்சிய கோடை

பக்கத்துப் பண்ணை எல்மர் துவைட்டின் டிராக்டர், குளிரில் டீசல் மெழுகு கட்டி உறைந்து, நடுவழியில் நின்றுவிட்டதாம் என்ற செய்தி, செவ்வாய்க்கிழமை காலை கூட்டுறவுக் கடையின் காப்பி மூலையில் ஓரெஸ்ட் ஹ்ரித்சாக்கின் காதில் விழுந்தது. சொன்னவன் லோர்ன். முன்பு தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். இப்போது ஊர்க்கதைகளைக் கொள்முதல் செய்து விநியோகிப்பதுதான் அவன் வேலை. அவனுக்குச் சொன்னது தபால் வண்டிக்காரர். தபால் வண்டிக்காரருக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

"நேத்து ராத்திரி பூரா கெட்டில் கெட்டிலா வெந்நி சுமந்தானாம். குளிர் கடிச்சு ஒரு பக்கத்துக் காது கறுத்தே போச்சாம்" என்றான் லோர்ன், பகடையை உருட்டிக்கொண்டே. தோற்றவன் எல்லோருக்கும் காப்பி வாங்க வேண்டும் என்பது அந்த மேசையின் சட்டம்.

"கோடை டீசலை வச்சுக்கிட்டு ஜனவரியில வண்டி ஓட்டுனா, காது என்ன, மூக்கும்தான் போகும்" என்றார் ஓரெஸ்ட். மேசை சிரித்தது. அவரும் சிரித்தார். பகடையில் தோற்றது அவர்தான். அன்றைக்கு அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு ஓட்டி வரும்போதுதான் வேறொன்று உறைத்தது. திங்கட்கிழமை சாயங்காலம் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தபோது சமையலறை போன் அடித்தது. போனின் சின்னத் திரையில் துவைட் என்று பெயர் வந்தது. கையில் முள்கரண்டியோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு தடவை மணி அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும், ஆறிப்போன பெரோகிக்கு மேலே இன்னும் கொஞ்சம் புளித்த கிரீமைப் போட்டுக்கொண்டார். கால்வாய் விஷயமாக இருக்கும் என்று நினைத்தார். அப்படித்தான் நினைக்க விரும்பினார்.

கால்வாய் விவகாரத்துக்கு மூன்று வயது. எல்மர் தன் நிலத்தில் தேங்கிய தண்ணீரை வடிக்க ஒரு வாய்க்கால் வெட்டினான். அது வடிந்து ஓரெஸ்டின் பார்லி வயலில் நாற்பது ஏக்கரை ஏரியாக்கியது. அதற்கு முன்னால் இருவரும் இருபத்தேழு குளிர்காலம் ஒரே கர்லிங் அணியில் பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடியவர்கள். ஒருவன் கல்லைச் சறுக்கிவிடுவான், இன்னொருவன் முன்னால் ஓடி அது போகும் வழியைத் துடைப்பத்தால் தேய்ப்பான். வாய்க்காலுக்குப் பிறகு அணி கலைந்தது. வழியில் எதிரெதிரே வண்டி வந்தால் மட்டும், ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரல் எழும். அது இந்தச் சமவெளியின் மரியாதை, பகையாளிக்கும் உண்டு. ஒரு விரல், அவ்வளவுதான்.

ஓரெஸ்டுக்கு அறுபத்து நான்கு வயது. அவர் பிறந்த வீடும் இப்போது இருக்கும் வீடும் ஒன்றே. இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு குளிர்காலம் பொட்டாஷ் உரச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். பூமிக்கு அடியில் ஒரு கிலோமீட்டர். பன்னிரண்டு மாதமும் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு நிற்கலாம், நல்ல சம்பளம். ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டார். அங்கே வானிலை இல்லை, அதான் பிடிக்கவில்லை என்று சொல்வார். அப்படி விரும்பித் திரும்பிய வானிலைதான் இப்போது மைனஸ் முப்பத்தெட்டில் அவர் வாசலில் நின்றது.

புதன்கிழமை முழுக்கப் பனிப்புயல். வெளியே நீட்டிய கை தெரியவில்லை. மாடுகள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மரங்கள் காற்றைத் தடுக்கும் குளிர்காலப் பட்டியில் இருந்தன. எழுபத்தொரு உருப்படி. கடைசியாகத் தீனி வைத்தது செவ்வாய் மதியம். வயிறு நிறைந்த மாடு மைனஸ் நாற்பதையும் நின்று தாங்கும். அதற்கு அடுப்பே வயிறுதான். வயிறு காலியானால் காற்று தள்ளும் பக்கம் நடக்க ஆரம்பிக்கும். வேலி பனியில் மூழ்கியிருந்தால் வேலிமேலேயே நடந்து போகும். பிறகு வசந்தத்தில்தான் கிடைக்கும்.

வியாழக்கிழமை காலை புயல் நின்றது. டிராக்டர் எஞ்சின் இரவு முழுக்க மின்சாரச் சூடேற்றியில் இருந்தது. சாவி திருகியதும் பூனை போல உறுமியது. ஐந்நூறு கிலோ உருளை வைக்கோல் ஒன்றை முன்கரங்களில் குத்தித் தூக்கி, பனியைக் கிழித்துப் பாதை போட்டுக்கொண்டு கிளம்பினார். மேட்டில் ஏறும்போது எஞ்சினின் குரல் மாறியது. மூச்சு முட்டுகிறவனைப் போல ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. காற்றின் சத்தம் மட்டும்.

பட்டி அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். டிராக்டர் சத்தம் கேட்டதுமே மாடுகள் கதவருகே வந்து நெருக்கியடித்து நின்றன. அவற்றின் முதுகுகளின் மேல் ஆவி ஒரே மேகமாக நின்றது.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே டீசல் இல்லை. உறைந்த பன்றிக்கொழுப்பு மாதிரி மங்கலாக ஒன்று இருந்தது. விரலால் தொட்டால் மெழுகுவர்த்தி ஓரம் போலப் பிசுபிசுத்தது.

நடந்தது அவருக்கு உடனே விளங்கியது. செப்டம்பரில் அறுவடைக்கென்று வீட்டுப் பெரிய தொட்டியைக் கோடை டீசலால் நிரப்பி வைத்திருந்தார். அந்த வருஷம் அக்டோபர் முதல் வாரமே பனி விழுந்து அறுவடை பாதியில் நின்றது. எரிக்க வேண்டிய டீசல் எரியாமல் மிஞ்சியது. நவம்பரில் அதன் தலையில் கொஞ்சம், எளிதில் உறையாத குளிர்கால டீசலை ஊற்றிவிட்டு, எல்லாம் தானாகக் கலந்துகொள்ளும் என்று விட்டுவிட்டார். எல்லோரும் செய்வதுதான். மற்ற வருஷங்களில் அடியில் மிஞ்சுவது ஒரு சாண்; இந்த வருஷம் முக்கால் தொட்டி. எஞ்சினுக்கு இரவெல்லாம் மின்சாரக் கம்பளி போர்த்தினார், சரி. டேங்குக்கு யார் போர்த்தினார்கள்?

கோடை டீசலை வைத்துக்கொண்டு ஜனவரியில் வண்டி ஓட்டியவன் யார் என்று பனியில் மண்டியிட்டபடியே ஒருமுறை நினைத்துக்கொண்டார். காப்பி மேசையின் சிரிப்பு காதில் கேட்டது.

வீட்டுக்கு நடந்தார். பெட்ரோலில் ஓடும் பிக்கப்பை எடுத்து, டிராக்டர் போட்ட பாதையிலேயே திரும்பி வந்தார். கையிருப்பில் இரண்டு புது ஃபில்டர் இருந்தன. மெழுகைக் கரைக்கும் சிவப்பு பாட்டில் மருந்து ஒன்று இருந்தது. மருந்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். மெழுகு கட்டியபின் ஊற்றுவது சளி முற்றியபின் கஷாயம் குடிப்பது போலத்தான். இருந்தும் ஊற்றினார். முதல் ஃபில்டரையே மருந்தால் நிரப்பி மாட்டினார். கையுறையைக் கழற்றாமல், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுக்க முடியாது. கழற்றி, கைப்பம்பை இருபது முறை அழுத்துவதற்குள் விரல்நுனி வெள்ளையாகிவிட்டது. அக்குளில் வைத்துச் சூடாக்கிவிட்டு மறுபடியும் அழுத்தினார்.

செல்ஃப் அடித்தார். எஞ்சின் எடுத்தது!

பட்டியில் எழுபத்தொரு மாடும் ஒரே நேரத்தில் கத்தின. ஏழு நிமிஷம் ஓடியது. அறுபது மீட்டர். டேங்கிலிருந்து வந்த மெழுகு புது ஃபில்டரையும் அடைத்தது. எஞ்சின் நின்றதும் கத்தலும் மெல்ல மெல்ல நின்றது. அப்படி நின்றதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்தது வெந்நீர். வீட்டுக்குப் போய்க் கெட்டில்களிலும் பால் கேன்களிலும் கொண்டுவந்து டேங்கின் மேலும் குழாயின் மேலும் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் வழிந்து தரையைத் தொடுமுன் கண்ணாடியானது. தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி உள்ளே கேஸ் அடுப்பை வைத்தார். காற்று தார்ப்பாயைப் பிடுங்கி வயலுக்குக் கொண்டுபோனது. இரண்டாவது ஃபில்டரை மாட்டினார். நான்கு நிமிஷம். மாடுகள் மறுபடி கத்தி மறுபடி ஓய்ந்தன. மூன்றாம் தடவை செல்ஃப் அடித்தபோது பேட்டரி ஒரு முனகலோடு கண்ணை மூடியது.

மதியம் ஒரு மணிக்கு மேட்டின் உச்சியில் நின்று மனைவி வெராவுக்கு போன் செய்தார். சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். வெரா டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். புயலில் சாலை மூடியதால் இரண்டு நாளாக அங்கேயே தங்கியிருந்தாள்.

"மெக்கானிக்க கூப்பிட்டியா?"

"கூப்ட்டேன். திங்கக்கெழம வரானாம். அவன் கைவசம் ஒம்பது டிராக்டர் செத்துக் கெடக்காம்."

"திங்கக்கெழம வந்து என்ன பண்ணுவான்? மாட்டு எலும்ப எண்ணுவானா? எல்மரக் கூப்பிடு."

ஓரெஸ்ட் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கேக்குதா? அவன் வண்டி இப்ப சரியாகி ஓடுது. செவ்வாக்கெழம ராத்திரிகூட அவங்க களத்துல லைட் நகர்ந்துச்சுன்னு நீதான சொன்ன."

"அவன் வெட்டுன கால்வாய்..."

"ஆமா, ஆமா. போய் மாடுங்ககிட்ட சொல்லு அந்தக் கால்வாய்க் கதைய. நல்லாக் கேட்டுக்கும். வாயில போட்டு மெல்ல வேற ஒண்ணும் இல்லயே."

"வெரா, திங்கக்கெழம அவன் கூப்ட்டான்."

"யாரு?"

"எல்மர். போன் அடிச்சுது. நான் எடுக்கல."

மறுமுனையில் யாரோ ஒரு பாட்டி கஞ்சி வேண்டாமென்று கத்துவது கேட்டது. வெரா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தொப்பிய காது வரைக்கும் இழுத்து விடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

எல்மரை உடனே கூப்பிடவில்லை. இன்னும் ஒரு வழி பாக்கி இருப்பதாகத் தன்னையே நம்பவைத்தார். பிள்ளைகள் சின்ன வயதில் சறுக்கி விளையாடிய நீல பிளாஸ்டிக் சறுக்குப் பலகையைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தார். டிராக்டரின் கரத்தில் தொங்கிய உருளையிலிருந்து கவைக்கோலால் வைக்கோலைப் பிடுங்கி அதில் குவித்து, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். இடுப்பளவு பனி. அரைக் கிலோமீட்டர் கடக்க முக்கால் மணி நேரம். வேலிக்கு மேலே கொட்டியதும் முன்வரிசை மாடுகள் இரண்டே வாயில் முடித்தன. பின்னாலிருந்தவை முன்னாலிருந்தவற்றின் முதுகில் ஒட்டிய துரும்பை நக்கின. ஒரு சிவப்புப் பசு, மார்ச்சில் கன்று போட வேண்டியது, அவருடைய கோட்டின் முழங்கையைக் கவ்வி மென்று பார்த்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது நடை முடிந்தபோது மூன்று மணி. நெஞ்சுக்குள் ஊசி ஊசியாகக் குத்தியது. ஐந்து மணிக்கு வெளிச்சம் போய்விடும். வடமேற்கில் வானம் மறுபடி வெளுத்து அழிந்துகொண்டிருந்தது. பட்டியின் தெற்கு மூலையில் வேலிக்கம்பங்களின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. நாலைந்து மாடுகள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்க ஆரம்பித்திருந்தன.

மேட்டுக்குத் திரும்பினார். குளிரில் செத்துவிடாமலிருக்க போனை அக்குளுக்குள் சட்டைக்கு அடியில் வைத்திருந்தார். வெளியே எடுத்தால் பேட்டரி மூன்று நான்கு நிமிஷம் தாங்கும். அதனால் முதலில் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எல்மர், நான்தான் ஓரெஸ்ட். வண்டி கொஞ்சம் வேணும். ஒரு மணி நேரம் போதும். டேங்க்க நெரப்பித் தந்துடறேன்."

இரவல் வாங்கிய வண்டியை டேங்க் நிறைய டீசலோடு திருப்பித் தருவது இந்தப் பக்கத்தில் மாறாத வழக்கம். எதை வைத்து நிரப்புவாய் என்று அவரே தன்னைக் கேட்டார். வீட்டுத் தொட்டியில் இருக்கும் செப்டம்பரை வைத்தா? இந்தக் கோலத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு வெடித்து உப்புக் கரித்தது.

டேங்க் பேச்சை விட்டுவிடலாம். திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வீட்டில் இல்லை என்று சொல்லலாம். ஆனால் எல்மர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் இவர் சமையலறை விளக்கு தெரியும். அது எரிந்துகொண்டிருந்தது. எல்மரும் போனைக் காதில் வைத்தபடி அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருப்பான். கறுக்கப்போகும் அந்தக் காதில்.

போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, விரலுக்கு மனப்பாடம். கையுறையைப் பல்லால் கழற்றி அழுத்தினார்.

மணி அடிக்க ஆரம்பித்தது. எல்மரிடம் கைபேசி கிடையாது. சமையலறைச் சுவரில் மாட்டிய பழைய போன் ஒன்றுதான். செய்தியைப் பதிவு செய்யும் பெட்டியும் கிடையாது. ஆள் கொட்டகையில் இருப்பான், பூட்ஸைக் கழற்றிக்கொண்டு வர நேரமாகும் என்று இங்கே எல்லோரும் நீளமாகவே அடிக்க விடுவார்கள். நான்கு. ஐந்து.

தெற்கே எல்மர் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழாமல் காற்றில் படுத்துப் போய்க்கொண்டிருந்தது. ஆள் இருக்கிறான். களத்தில் டிராக்டர் நிற்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இமைமயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு புள்ளி மாதிரி தெரிந்தது. அது டிராக்டராகவும் இருக்கலாம், பனி மூடிய எதுவாகவும் இருக்கலாம். எட்டு. ஒன்பது.

"எடு எல்மர்" என்றார். "எடுடா."

பத்து.

கீழே சிவப்புப் பசு கதவுப் பக்கமிருந்து விலகி, தெற்கு மூலையில் முதுகு காட்டி நின்றவற்றை நோக்கி நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பதினொன்று அடித்தது. திங்கட்கிழமை அவர் எடுக்காமல் அடிக்கவிட்ட எண்ணிக்கை அதுதான். மூச்சை நிறுத்திக்கொண்டு, போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

பன்னிரண்டாவது மணி அடித்தது.