என் வீட்டுக்காரர் தைத்த போர்வை

இன்று நானும் வீட்டுக்காரரும் செகந்திராபாதில் பஞ்சுப் போர்வை தைக்கும் ஒரு ரஜாய் கடைக்குப் போனோம். மகளின் குழந்தைப் பருவத்துப் போர்வைக்கு அடித்துணி மாற்ற வேண்டியிருந்தது.

அது அவர் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. எண்பதுகளில் நான் பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தபோது, பக்கத்து குவார்ட்டர்ஸில் தையல் மெஷின் இரவல் வாங்கித் தைத்திருக்கிறார். ஆரஞ்சு சூரியகாந்திக்குப் பக்கத்தில் ஊதாக் கட்டம். அதை ஒட்டி, கிளி போட்ட பழைய திரைச்சீலை.

கைக்குழந்தையோடு வந்த நான் பார்த்ததும் சிரித்துவிட்டேன். விருந்தாளி வந்தால் வெள்ளை விரிப்பு போட்டு மூடிவிடுவேன்.

கடைக்காரம்மா அதை மேசையில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோ அடிச்சுக்கிற டிசைனெல்லாம் எப்படி ஒண்ணா நிக்குது பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே நீலப் பட்டை ஓடுது. யோசிச்சு வெச்சிருக்காங்க."

இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பட்டையைக் கவனித்ததே இல்லை.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன். "வேணும்னேதான் வெச்சீங்களா?"

"ஹவ், வேணும்னேதான். என் யூனிஃபார்ம் பேன்ட். பழசு வெளுத்திருந்துது, அதனால நல்லதையே வெட்டினேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ரயில்லேர்ந்து இறங்கினப்போ உன் முகம் ரொம்ப வாடியிருந்துது. இதைப் பார்த்துத்தான் சிரிச்ச. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

போலாரத்தில் வீட்டு வாசல் வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் வீட்டுக்காரரிடமும் இப்படி ஏதாவது கேட்காமல் விட்டிருந்தால், இன்றே கேட்டு, வந்த பதிலைக் கீழே எழுதுங்கள். நான் மட்டும் ஆட்டோவில் அழுதேன் என்று இருக்க வேண்டாம்.