பன்னிரண்டாம் மனை

அத்தை முதன்முதலாக வாங்கிய வீட்டு மனையை என் அப்பா ஏர் பூட்டி உழுதார். அதோடு நிற்காமல் அதே வரிசையில் இருந்த மற்ற பதினொரு பேருடைய மனைகளையும் சேர்த்து உழுதார். கூலி கேட்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. ஏருக்குப் பின்னால் நடந்து, மண்ணிலிருந்து பெயர்ந்து வந்த எல்லை முளைகளைப் பாவாடையில் பொறுக்கியவள் நான்தான். அதனால் எண்ணிக்கை எனக்குச் சரியாகத் தெரியும். இருபத்தாறு.

எங்கள் ஊர் அம்பத்தூர். இது இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய காலம். ஏரிக்குக் கீழே நஞ்சை, ரயில் பாதைக்கு வடக்கே மேட்டு நிலம். நஞ்சை வைத்திருந்தவரைச் சொத்துக்காரர் என்பார்கள். மேட்டு நிலம் மட்டும் வைத்திருந்தவரைப் பற்றிக் கேட்டால், ஏதோ இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் தலைமுறையாக நெல் பயிர்தான். விளையாத மண்ணைக் காசு கொடுத்து வாங்கலாம் என்ற எண்ணம் எங்களில் யாருக்கும் அதுவரை வந்ததில்லை.

அது அத்தைக்கு வந்தது. அவள் அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். மாமாவுக்குப் பெரம்பூர்ப் பக்கம் மில்லில் வேலை. பேச்சு குறைந்தவர். அத்தையிடம் நான்கு பசுக்கள் இருந்தன. விடிந்ததும் பால் பாத்திரத்தோடு ஸ்டேஷனுக்குப் போய், பட்டணத்து வண்டியில் ஏற்றிவிட்டு வருவாள். அப்படி நிற்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து சில பேர் குடையோடு வந்து இறங்கினார்கள். விருந்துக்கு வந்தவர்கள் இல்லை. கையில் பழமோ பூவோ கிடையாது. ரயில் பாதையை ஒட்டியே நடந்து, மேட்டு நிலத்தைப் பார்த்து நின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிப் போனார்கள். முதலில் மாதத்துக்கு இரண்டு குடை. அடுத்த வருஷம் வாரத்துக்கு நாலு குடை.

"காராமணிக் கொல்லையைப் பாக்கவா அம்மாந் தூரத்துலேர்ந்து வரானுங்க?" என்று அப்பாவைக் கேட்டாள். "ஊடு கட்ட எடம் பாக்கறானுங்கண்ணே."

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து, மேட்டு நிலத்தில் ஒரு நீளத் துண்டை வாங்கி, மனைகளாகப் பிரித்து விற்க ஆரம்பித்தார். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். ஊரில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். ஒரே வரிசையில் பன்னிரண்டு மனை. ஒவ்வொன்றும் நாற்பதடி அகலம், அறுபதடி நீளம். ஒரு கயிற்றை வைத்து அளந்து, மூலைக்கு மூலை சவுக்கு முளை அடித்து, தலையில் தார் பூசிவிட்டார். அவ்வளவுதான், கொல்லை மனையாகிவிட்டது.

அத்தை இரண்டு பசுக்களை விற்று ஒரு மனைக்குப் பணம் கட்டினாள். விற்றவற்றில் ஒன்று செவலை. அது என் பசு என்றே நான் நினைத்திருந்தேன். பூந்தமல்லியிலிருந்து ஒரு பாய் வந்து வாங்கிப் போனார். நான் வைக்கோற்போர் பக்கம் திரும்பி நின்று அழுததைப் பார்த்துவிட்டு, "அழாதம்மா. ஒங்க அத்தை எப்ப வந்து கேட்டாலும் இதே வெலைக்குக் குடுத்துடறேன்" என்றார். அந்த வாக்கை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு வாங்கியதில் சம்மதமே இல்லை. "மாட்டை வித்து மண்ணை வாங்கிக்கினு வந்துகீறியே, அது பால் கறக்குமா?" என்று கேட்டார்.

"கறக்கும்ணே. கொஞ்சம் நாளாவும்."

"நாளாவுமா? இன்னா தீனி போடுவே அதுக்கு?"

"தீனி கெடையாது. அதான் அதுல லாபம்."

பேசித் தோற்றபின், குடியானவர் என்ற முறையில் அப்பா ஒரு யோசனை மட்டும் சொன்னார். வாங்குவது வாங்குகிறாய், ஏரிக்கால்வாய்ப் பக்கம் இருப்பதாகப் பார்த்து வாங்கு, தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நிலம் என்றார். அத்தையும் கேட்டுக்கொண்டாள். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து எண்ணினால் கால்வாயை ஒட்டிக் கடைசியில் வருவது பன்னிரண்டாம் மனை. அத்தை பெயரிலேயே பத்திரம் பதிவாயிற்று. மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஆடி பிறந்து முதல் மழை பெய்தது. மறுநாள் காலை அப்பா ரயில் பாதை வரைக்கும் போய் வந்தார். முகம் சரியில்லை. ஈரம் இறங்கிய மண் சும்மா கிடப்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. தங்கச்சி வீடு கட்டும்போது கட்டிக்கொள்ளட்டும், அதுவரைக்கும் காராமணியாவது போடலாம் என்று ஏரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் உழ நினைத்தது அத்தையின் மனையை மட்டும்தான். ஆனால் நாற்பதடிக்குள் மாடுகளைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது எப்படி? இடது பக்கத்து மாட்டுக்கு வேறு வயதாகிவிட்டது, திருப்பத்தில் தடுமாறும். அதனால் வரிசை முழுவதையும் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டார். நான் பொறுக்கி வந்த முளைகளில் அம்மா இரண்டு நாள் வெந்நீர் போட்டாள். தார் பூசியிருந்ததால் நன்றாகவே எரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்காரர், மனை வாங்கிய மூன்று பேரைக் குடையோடு அழைத்து வந்தார். நாங்கள் அப்போது கொல்லையில்தான் இருந்தோம். பன்னிரண்டு மனைகள் இருந்த இடத்தில் சால்சாலாக உழுது, விதையும் தெளித்திருந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிகீறே?" என்று கோட்டுக்காரர் கத்தினார்.

அப்பா பாராட்டை எதிர்பார்த்து நின்றவர். "பன்னெண்டுக்கும் சேத்தே ஓட்டிட்டேங்க. கூலி வாணாம். வெதை மட்டும் அவங்கவங்க பங்கு குடுத்தா சரி" என்றார்.

"முளை எங்கய்யா, முளை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் அடுப்பை நினைத்துக்கொண்டு காலைப் பார்த்தேன்.

குடைக்காரர்களில் ஒருவர் தன் மனையைத் தேடி இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, "நான் எங்கே நிக்கிறேன்னே தெரியலையே" என்றார். கோட்டுக்காரர், திரும்ப அளக்கும் செலவு முழுவதும் உன் தலையில்தான் என்று அப்பாவை நோக்கி விரல் நீட்டினார். அதற்குள் அத்தைக்குச் சேதி போயிருந்தது. காலிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடியே வந்தாள். அண்ணன் ஒரு பக்கம், தன் மனை மண்ணோடு மண்ணாகக் கிடப்பது ஒரு பக்கம். இரண்டையும் பார்த்தாள்.

"அளந்துடலாம்" என்றாள். "ஆனா கயித்தால வாணாம். கணக்குப்பிள்ளையைக் கூட்டியாந்து, சர்க்கார் கல்லுலேர்ந்து சங்கிலி புடிச்சு அளக்கட்டும்."

"எதுக்கும்மா அவரு? அதே கயிறு கீது, நானே..."

"மழையில கயிறு சுருங்கிப் பூடும்" என்றாள் அத்தை. குடைக்காரர்கள் மூவரும் தலையாட்டினார்கள்.

கிராமக் கணக்குப்பிள்ளை புதன்கிழமை வந்தார். கூடவே அறுபத்தாறு அடிச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு தலையாரி வந்தார். கோட்டுக்காரரும் குடைக்காரர்கள் மூவரும் அன்றைக்கும் வந்திருந்தார்கள். மனை வரிசை தொடங்கும் ஸ்டேஷன் பக்கத்துச் சர்வே கல் கண்ணுக்குத் தெரிந்தது. கால்வாய்ப் பக்கத்துக் கல்லை மட்டும் காணோம். தலையாரி சப்பாத்திக்கள்ளிப் புதரை வெட்டி விலக்கியதும் கிடைத்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சங்கிலி ஆறு தடவை விழுந்தது. மேலே ஐம்பத்து நாலு அடி. மொத்தம் நானூற்றைம்பது அடி. பன்னிரண்டு மனைக்கு நானூற்றெண்பது வேண்டும்.

கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பதினொரு மனை சரியாயிருக்கு. பன்னெண்டாவது மனையில பத்தடிதான் உங்க நெலம். மிச்ச முப்பதடி கால்வாய்க் கரை, சர்க்காருது. அதுல ஊடு கட்டினா இடிச்சுடுவாங்க."

எனக்கு விஷயம் புரிந்தது. அத்தைக்கு மனை இல்லை. பசுக்கள் இரண்டும் போய், கையில் ஒரு பத்திரம் மட்டும் இருக்கிறது. அப்பா, தண்ணீர்ப் பக்கம் வாங்கு என்று சொன்னவர், தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கோட்டுக்காரர் குடைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்களின் மனை தப்பித்துவிட்டது. ஆனால் அவர்கள் எதிரிலேயே இது வெளிப்பட்டுவிட்டதே. "தெரியாம நடந்துபோச்சும்மா. பணத்தை அப்படியே திருப்பிக் குடுத்துடறேன். நாளைக்கே" என்றார்.

அவர் முடிப்பதற்குள் அப்பா, "வாங்கிக்கம்மா" என்றார். "வந்த வரைக்கும் லாபம். வாங்கிக்க."

பணம் வந்தால் பூந்தமல்லி, பூந்தமல்லி போனால் செவலை. நான் அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

அத்தை அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தாள். எல்லாரும் பின்னால் போனோம். முதல் மனைக்கு முன்னால், வண்டிப்பாதை ஸ்டேஷன் ரோட்டில் சாய்வாக வந்து சேரும் இடத்தில், மூன்று மூலையாக ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது. அதுவும் கோட்டுக்காரருடையதுதான். மூன்று மூலை நிலத்தில் குடியேறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். விற்காது என்று தெரிந்து அதற்கு அவர் எண்ணே போடவில்லை. ஆடு கட்டத்தான் பயன்பட்டது.

"பணம் வாணாம். இத்தைக் குடு" என்றாள் அத்தை.

கோட்டுக்காரர் காதில் விழாதவர்போல் பார்த்தார். குடைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்பா கிட்டே வந்து, "இன்னாம்மே, பைத்தியமா புடிச்சுகீது? மூணு மூலைம்மே!" என்றார்.

"நான் குடியிருக்கப் போறதில்லண்ணே."

கணக்குப்பிள்ளை குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் அறுபது, நீளம் எழுபத்தாறு. பெருக்கிப் பாதியாக்கினால் இரண்டாயிரத்து இருநூற்றெண்பது சதுர அடி. ஒரு மனைக்கு நூற்றிருபது குறைவு. அந்தக் குறைவுக்குப் பதிலாக மாற்றுப் பத்திரத்தின் செலவு கோட்டுக்காரருடையது என்று அத்தை சொன்னாள். பால் வியாபாரம் செய்தவள். பேரத்தை அங்கே நிறுத்தத் தெரிந்தது. அவர் உடனே சரி என்றார். நல்ல வேளை என்று நினைத்திருப்பார். புது முளைகள் அடிக்கப்பட்டன. அப்பா அவற்றைச் சுற்றி ஒரு முழம் விட்டுக் களை எடுத்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் காராமணியை அறுத்து, பதினொரு மனைக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒரு படி அளந்து ஸ்டேஷனில் வைத்தே கொடுத்தார். பட்டணத்துக்காரர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் குடையில் கொட்டிக்கொண்டு போனார்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்டேஷனிலிருந்து அந்த மனைகளுக்குப் போகிற யாரும் மூன்று மூலைத் துண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் ஒரு சைக்கிள் கடைக்காரர் வாடகைக்கு வந்தார். யுத்தம் வந்து, குண்டுக்குப் பயந்து பட்டணத்தார் எங்கள் பக்கம் வந்து குவிந்த வருஷத்தில் ஓடு போட்ட இரண்டு கடைகள் ஆயின. அந்த வாடகையைத் தொடாமல் சேர்த்து அத்தை ஆவடிப் பக்கம் இன்னொரு மனை வாங்கினாள். இந்தத் தடவை பணம் கட்டுவதற்கு முன்னால் தானே புதரை விலக்கிக் கல்லைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இன்னொன்று. நாங்கள் யாரும் அவளைச் சொத்துக்காரி என்று சொல்லவில்லை. அவளிடம் நஞ்சை இல்லையே.

ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை செவலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பதுதான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்று மூலை நிலத்தின் மேல் அவளுக்கு அப்படி என்ன ஆசை என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன். இடம் நல்ல இடம்தான். அதை அவள் முன்பே கண்டிருந்தாள். ஆனால் அதற்காக மட்டும் அவள் பணத்தை மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஏர் மாடு வாங்க வேண்டிய வருஷம் அது. பணம் திரும்பி வந்திருந்தால் அடுத்த நாள் அப்பா கேட்டிருப்பார். அத்தையால் அண்ணனுக்கு இல்லையென்று சொல்லியிருக்க முடியாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நிலத்தில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அவளும் மறுக்க வேண்டியதில்லை. இது அப்பாவுக்கும் அங்கேயே புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால், எல்லாரும் போனபின் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் அத்தை, "எடது மாடு எப்பிடிண்ணே கீது?" என்று கேட்டாள்.

"அதுக்கின்னா? இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும்" என்றார் அப்பா.

"இழுக்குமா?"

"இழுக்கும்மே. நீ போ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு கிழட்டு மாட்டைப் பற்றிப் பேசிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.