கிணற்றுக்குள் இருந்த இஞ்சின்

ஆமத்தூர் பக்கம் எங்கள் கிணற்றின் உள்திட்டில்தான் ஆயில் இஞ்சின் இருக்கிறது. போன மாசியில் அண்ணன் அதன் பக்கத்திலேயே இறந்து கிடந்தார். பேய் அடித்துவிட்டது என்றார்கள்.

பிறகு நான் இறங்கிப் பார்த்தபோது புகைக்குழாய் இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் தீய்ந்திருந்தது. அதற்குப் பதிலாகக் காலண்டர் அட்டையை வெட்டிப் போட்டு இஞ்சினை ஓட்டினேன். அட்டை கருகிப் புகை கசிந்தது. தலை கனத்தது. பக்கத்தில் அண்ணன் இருந்தார்.

"உக்காருலே. என்ன அவசரம்?"

மேலிருந்து மதினி கூப்பிட்டிருக்கிறார். "அண்ணன் உக்காரச் சொல்லுதாரு மதினி" என்றேனாம். மதினி இறங்கி ஓடிவந்து இஞ்சினை நிறுத்தி, என்னைப் படிவழியே மேலே இழுத்துப் போட்டார்.

நான் கண் விழித்ததும், "வேற என்ன சொன்னாக, தம்பி?" என்றுதான் கேட்டார்.

இரண்டு பேரையும் அடித்தது புகைதான் என்றார் மெக்கானிக். இப்போது சரியான கேஸ்கட் போட்டு, புகைக்குழாயைக் கிணற்றுக்கு மேலே ஏற்றிவிட்டேன். மேலிருந்தே கயிற்றை இழுத்து இஞ்சினை நிறுத்திப் புகை போன பிறகே இறங்குகிறேன். மதினியை இறங்க விடுவதே இல்லை.