பனியை மிதித்தவள்

கபுகோ வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. மலையேறும்போது அவள் பேசவே மாட்டாள். மூட்டையை முதுகில் தொங்கவிட்டு, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் முழங்கால் வரை சேற்றில் புதையப் புதைய நடப்பாள். ஆம்பிளைகள் மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும் இடங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவாள். அந்த ஒரு விஷயமே பல பேருக்கு வயிற்றெரிச்சல்.

மூடிக்கிடக்கும் தாமிரச் சுரங்கத்துக்கு மேலே, ருவென்சோரி மலையின் மடியில் இருக்கிறது எங்கள் ஊர். மரவள்ளியும் கொஞ்சம் காப்பியும் போக, எங்களுக்குச் சோறு போடுவது மலையேற வருகிற வெள்ளைக்காரர்கள்தான். இந்த வெயில் நாட்டின் உச்சியில் பனி கிடக்கிறது என்பதை அவர்களால் நம்ப முடிவதில்லை. காலால் மிதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று வந்துவிடுகிறார்கள். அவர்களைக் கூட்டிப்போக ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்தில் சுமக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், வழிகாட்டுகிறவர்கள் என்று பல படி. எல்லோருக்கும் மேல்படி பனி வழிகாட்டிகள். பூட்ஸில் இரும்பு முட்களைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, வெள்ளைக்காரர்களை உச்சிப் பனிக்கட்டி மேல் நடத்திப்போகிறவர்கள். அவர்கள் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கும் தோரணையே வேறாக இருக்கும்.

ஊர்ப் பெண்கள் பனிக்குப் போகக் கூடாது. பனி கிடசம்பாவின் முற்றம். அந்தச் சாமிக்குத் தன் முற்றத்தில் பெண் கால் படுவது ஆகாது என்பார்கள். காசு கொடுத்து வருகிற வெள்ளைக்காரிகள் மட்டும் இந்தக் கணக்கில் வருவதில்லை. எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பெண்கள் நடுமலைக் குடிசை வரை சுமப்பார்கள், அங்கே மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அப்புறம் ஒரு வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வந்தார்கள். புதுக் கயிறு தருகிறோம், பனிக்கோடரி தருகிறோம், பனியில் நடக்கப் பயிற்சியும் தருகிறோம், ஆனால் பயிற்சியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றார்கள். புதுக் கயிற்றைப் பார்த்ததும் சங்கத்துக்குச் சாமி மறந்துபோனது. கபுகோவைப் பிடித்து அனுப்பினார்கள். அவளுடைய பலத்தைப் பார்த்து அனுப்பியதாக இப்போது சொல்லிக்கொள்வார்கள், நம்ப வேண்டாம். புருஷன் கசேசே டவுனில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான், கேட்க நாதியில்லை, அதனால் அனுப்பினார்கள். அதோடு, பனியைக் கண்டதும் பயந்து ஓடிவந்துவிடுவாள் என்ற நம்பிக்கையும் இருந்தது.

அவள் ஓடி வரவில்லை. முதல் தடவை இரும்பு முள் பனியில் கறுக்கென்று இறங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். சேறும் வேரும் வழுக்குப் பாறையுமாகப் பழகிய காலுக்கு, வைத்த இடத்தில் நிற்கிற தரை அது ஒன்றுதான் என்று தோன்றியதாம். அன்றைக்குப் பிடித்த ஆசை. கயிற்றின் முன்முனையில் போகிறவர்தான் வழியைத் தேர்ந்தெடுப்பார். மற்றவர்கள் அவர் கால் வைத்த தடத்தில் கால் வைப்பார்கள். தானும் ஒரு நாள் முன்கயிறு பிடித்துப் போக வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

சங்கத்தில் எல்லாம் முறைப்படிதான். யார் முறை எப்போது என்று அலுவலகக் கரும்பலகையில் எழுதியிருக்கும். சண்டை வரக் கூடாது என்று எங்கள் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. ஆனால் பனி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளைக்காரர்களில் பலர் அடிக்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டே போனார்கள். பனி குறையக் குறைய, பனி வழிகாட்டிகளுக்கு முறை வருவதும் குறைந்தது. கரும்பலகையில் ஒரு பெயர் கூடினால் மற்ற எல்லோருடைய முறையும் ஒரு படி தள்ளிப்போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நடந்தது ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது.

கபுகோ கயிற்றின் கடைசி முனையில், பின்கயிறாக, பல தடவை போனாள். பெரும்பாலும் முன்கயிறு மசெரெகா. அவளைவிட இளையவன், அக்கா அக்கா என்று சுற்றி வருவான், வேடிக்கையாகப் பேசுவான். அவனுடைய வாய்க்காகவே வெள்ளைக்காரர்கள் அவனைக் கேட்டு வாங்குவார்கள். கடைசியில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் கரும்பலகையில் முன்கயிறு என்ற இடத்துக்கு நேரே கபுகோவின் பெயர் ஏறியது. மழை விட்டதும் முதல் முறை அவளுக்கு. அவள் அலுவலகத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள்.

மழைக்கு முன் கடைசியாக ஒரு கூட்டம் போயிற்று. மசெரெகா முன்கயிறு, அவள் பின்கயிறு, நடுவில் மூன்று வெள்ளைக்காரர்கள். பாறையிலிருந்து பனிக்குள் இறங்கும் இடத்தில் ஓர் ஏணி கட்டியிருக்கும். அன்றைக்குப் போய்ப் பார்த்தால் ஏணியின் கால் அந்தரத்தில் தொங்கியது. பனி தாழ்ந்து, பாறையை விட்டு விலகி, நடுவில் கறுப்பாக ஒரு பிளவு. மசெரெகா ஏணியில் பாதி இறங்கினான். அங்கேயே நின்றுவிட்டான். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"என்னடா தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா இறங்கு, இல்லன்னா ஏறு. வவ்வால் மாதிரி தொங்காத."

"கை வரமாட்டேங்குதுக்கா."

அவள்தான் வெள்ளைக்காரர்களைப் பாறையோடு கட்டி நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்து இறங்கி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஏணியிலிருந்து பிரித்து மேலே ஏற்றினாள். பிறகு தான் மட்டும் இறங்கி, பிளவுக்கு அப்பால் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பனி முனகியது. ஏறி வந்து, இன்றைக்கு உச்சி கிடையாது, திரும்புவோம் என்றாள். வெள்ளைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. ஏதாவது ஆகியிருந்தால் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். இப்போது பேசுவதற்கு, ஏன் திரும்பினீர்கள் என்ற கேள்வி மட்டும்தான் மிச்சம். சாப்பாட்டுக் கடையில் மரவள்ளிக் களியைப் பிசைந்துகொண்டே ஒருவன் மசெரெகாவைச் சீண்டினான்.

"என்ன மச்சான், பாதி ஏணியில பயந்துட்டியாமே? கால்சட்டை நனைஞ்சுதா, காய்ஞ்சுதா?"

கடை முழுக்கச் சிரிப்பு. மசெரெகாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்: "நானா பயந்தேன்? எங்கக்கா காலை வச்சுச்சு, பனி வெட்கப்பட்டுப் பின்னால நகர்ந்துக்கிச்சு. நான் என்ன பண்ண?"

வேடிக்கைக்குச் சொன்ன பேச்சுதான். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். ஆனால் தன் மானத்தைக் காப்பாற்ற அடுத்தவள் தலையில் ஒன்றைத் தூக்கி வைக்கிறவன் அது எங்கே போய் நிற்கும் என்று யோசிப்பதில்லை. அன்று சாயங்காலமே கிணற்றடியில் அது வேடிக்கையாக இல்லை. அவள் கால் பட்டதும் பிளந்ததாம். மறுநாள் சந்தையில், அவள் பயிற்சிக்குப் போன வருஷத்திலிருந்துதான் பனியே கரைகிறதாம். மழைக்காலத்தில் ஆறு பெருகி நாலு வீட்டு மரவள்ளியை அடித்துக்கொண்டு போனபோது அதுவும் அவள் கணக்கில் ஏறியது.

சங்கத் தலைவர் முஹிந்தோ அவளுக்குத் தாய்மாமன் முறை. கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, தேனாகப் பேசினார்.

"யாரும் உன்னைக் குத்தம் சொல்லலம்மா. ஊர் வாய். அதை மூடணும், அவ்வளவுதான்."

"ஊர் வாயை மூட நான் என்ன செய்யணும் மாமா?"

"ஒரு வெள்ளைச் சேவல். பூசாரி தெம்போ பெரியவர்கிட்ட கொடுத்து, ஆத்தங்கரையில சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. மிதிச்சது தப்பு, மன்னிச்சுக்கோன்னு. முடிஞ்சுது."

"நான் ஒருத்தி மிதிச்சு உருகிச்சா? அப்ப நீங்க அத்தனை பேரும் உங்க அப்பா காலத்துலேருந்து அங்க பஞ்சுமேலயா நடந்தீங்க?"

"நாங்க ஆம்பளைங்க."

"ஆம்பளை பாரம் பனிக்குத் தெரியாதா?"

முஹிந்தோ டீயை ஆற்றினார். "இந்த வாய்தான் உனக்கு எமன். உன் பேரு கரும்பலகையில இருக்கா இல்லியா? அது அங்கயே இருக்கணுமா வேண்டாமா? அதைச் சொல்லு."

அவள் வாயை அடைத்தது அது ஒன்றுதான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எதிர்த்துப் பேசியிருப்பாள். வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு சேவல், ஒரு வார்த்தை. காலில் விழுந்து எழுந்தால் தூசி தட்டிவிட்டுப் போகலாம், முன்கயிறு கையில் இருக்கும். தான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆற்றங்கரைக்கு ஊரே வந்துவிட்டது. சேவலை வாங்கிக்கொண்ட தெம்போ பெரியவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குக் கண் மங்கல், காது நல்ல காது.

"நான் உன்னை வரச் சொல்லலியேம்மா. சாமியும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீ நெசமாவே ஏதாவது செஞ்சியா?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"செஞ்சேன்னு சொன்னாத்தான் விடுவாங்க தாத்தா."

"அப்ப யோசிச்சுக்க. இங்க உனக்காக நான் சொல்ல முடியாது, உன் வாயாலதான் சொல்லணும். சொன்னா சொன்னதுதான்."

பின்னால் முஹிந்தோ தொண்டையைக் கனைத்தார். மசெரெகா கூட்டத்துக்குள் யார் முதுகுக்குப் பின்னாலோ நின்றான். கபுகோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "உன் முற்றத்த மிதிச்சேன். என்னாலதான் பனி விலகுச்சு. மன்னிச்சுக்கோ."

சேவல் இரண்டு தடவை அடித்துக்கொண்டு அடங்கியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. சில பெண்கள் அவள் கையைப் பிடித்து நல்ல காரியம் செய்தாய் என்றார்கள். அவளுக்கும் பாரம் இறங்கினாற்போல்தான் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

மழை விட்டது. வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இதற்குள் பாறையில் ஏணியை இன்னும் கீழே இறக்கிக் கட்டியிருந்தார்கள். கபுகோ பூட்ஸைத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கரும்பலகையில் அவள் பெயர் இருந்த இடத்தில் மசெரெகாவின் பெயர் இருந்தது.

"மாமா, இது என்ன?"

"கத்தாத. வெளியே வெள்ளைக்காரங்க நிக்குறாங்க."

"சேவல் கொடுத்தா பேரு இருக்கும்னீங்க."

"இருக்கும்னேன். நான் என்ன பண்ண? உன் கயித்துல கட்டிக்க ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்குறான். ஊர்ல எவனோ சொன்னப்ப நான் நம்பல, சத்தியமா நம்பல." அவர் கையை விரித்தார். "ஆனா நீயே உன் வாயால சொன்னியேம்மா. ஊரே கேட்டுச்சே."

அவள் கத்தினாள். வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். எவன் இந்தப் பேச்சை முதலில் சொன்னான், எதற்குச் சொன்னான், ஏணியில் கை விறைத்துத் தொங்கியது யார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மசெரெகா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். சுருட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டினான். ஒரே ஒரு தடவை, "விடுக்கா" என்றான். சங்கத்து ஆட்கள் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், சாமி குற்றம் தலைக்கேறிவிட்டது என்பதுபோல் நின்றார்கள். அவர்கள் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சுமக்கிறவர்களில் ஒருவன் காய்ச்சலாகப் படுத்திருந்தான். அவனுடைய மூட்டை வாசலில் கிடந்தது. வேண்டுமானால் எடு, பனி ஓரம் வரைக்கும் வரலாம், ஆனால் மிதிக்கக் கூடாது என்றார்கள். இதை ஏதோ சலுகை செய்வதுபோல் சொன்னார்கள். தூ என்று துப்பிவிட்டு அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பட்டையை நெற்றியில் மாட்டினாள்.

அந்தப் பருவம் முழுக்க அவள் பனி ஓரத்துப் பாறை வரை சுமந்தாள். அவளோ ஊரின் வேறு எந்தப் பெண்ணோ ஓர் அடிகூடப் பனியில் வைக்கவில்லை. ஏணிக்குக் கீழே பிளவு மட்டும் தன்பாட்டுக்கு அகன்றுகொண்டே போனது. இரண்டு தடவை ஏணியை இன்னும் கீழே இறக்கிக் கட்டினார்கள். அதைப் பற்றி யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பருவக் கடைசியில் வந்த கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தாள். உச்சி பார்த்து இறங்கிய சந்தோஷத்தில், மேல்குடிசையில் ஈரச் சட்டைகளைக் காயவைத்துக்கொண்டு, இந்த மலையைப் பற்றி ஒரு கதை சொல்லேன் என்று மசெரெகாவைக் கேட்டாள். அவன் அவர்களுடைய மொழியில் நன்றாகவே கதை சொல்வான். கபுகோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவர்கள் பின்னால் நடந்ததில் அந்த மொழி அவளுக்கும் புரியும், பேசத்தான் நா எழாது. மசெரெகா சொன்னான்: பனி ஒரு சாமியின் முற்றம், அதை ஒரு பெண் மிதித்தாள், அன்றிலிருந்து பனி கரைகிறது, அவளே ஆற்றங்கரையில் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டாள். இதோ நிற்கிறாளே, இவள்தான் அவள்.

வெள்ளைக்காரப் பெண்மணி டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கண் கலங்கிவிட்டது. கபுகோவின் கையைப் பிடித்துக்கொண்டு மசெரெகாவிடம் ஏதோ கேட்டாள்.

"அக்கா, நீ இதை நம்புறியான்னு கேக்குறாங்க" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இந்த வருஷம் நம்மூர்ப் பொம்பளை ஒருத்தியும் மிதிக்கலியே, அப்புறம் யாருக்காகடா ஏணிய இறக்கி இறக்கிக் கட்டினீங்க? அதைச் சொல்லு அவங்ககிட்ட. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

 மசெரெகா வெள்ளைக்காரப் பெண்மணியின் பக்கம் திரும்பி, அவள் மொழியில், "ஆமாம், முழு மனசோடு நம்புகிறேன் என்கிறாள்" என்று சொன்னான்.