மூலையில் பதிந்த தேதி

என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருக்கும் ஃபிலிம் கேமரா, படத்தின் மூலையில் தேதியையும் பதித்துவிடும். ஒருநாள் அவருடைய ஆபீஸ் பையில், ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டபடி அவர் நிற்கும் படம் கிடைத்தது.

"தேதியைப் பாரு. நம்ம கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்னாடி எடுத்தது" என்று சிரித்தார்.

மாமியார் விடவில்லை. "புருஷனைச் சந்தேகப்பட்டல்ல, கால்ல விழு" என்றார். விழுந்தேன்.

போன மாதம் மகளின் நான்காவது பிறந்தநாளை அதே கேமராவில் எடுத்தேன். தாம்பரத்தில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், அதிலும் அதே வருடம்!

"இந்த மாடல்ல 2019க்கு மேல வருஷம் ஏறாதுக்கா. ஏதாவது பழைய வருஷத்தை வெச்சுக்கினு எடுப்பாங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

முடிச்சூர் வீட்டுக்கு வந்ததும் பீரோவில் கிடந்த அந்தப் படத்தை எடுத்தேன். அவர் நெற்றியில், போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பு. அன்றைக்குத் தேதியை மட்டுமே பார்த்திருக்கிறேன், மடச்சி.

இப்போதெல்லாம் எந்தப் படத்திலும் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்த இரண்டு படங்களையும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

"என்னடி இது?" என்றார் மாமியார்.

"தேதியைப் பாருங்க அத்தை. உங்க பேத்தியும் கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்துட்டா."