ஆழமா மூச்சு இழுங்க அக்கா

ஐந்து வருடங்களுக்கு முன்பு, நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது திருவொற்றியூரில் நடந்தது இது. என் வீடு ராயபுரம். மெயின் பாடம் கெமிஸ்ட்ரி. கூடவே மைனராக இன்னொன்றும் எடுத்தாக வேண்டும். தோழிகள் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் போக, நான் மட்டும் கவுன்சலிங் எடுத்தேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. எங்கள் தெருவில் யாருக்கு என்ன பிரச்னை என்றாலும் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். அதற்கு மார்க்கும் கிடைக்குமென்றால் விடுவானேன் என்று நினைத்தேன்.

முதல் வகுப்பிலேயே சில விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அறிவுரை சொல்லாதே, குறுக்கே பேசாதே. வந்தவர் சொல்வது நிஜமா பொய்யா என்று துப்பறியாதே, அதற்கு அடியில் இருக்கும் உணர்வைப் பிடி. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் அம்மா "கேஸ் தீர்ந்துடுச்சு" என்று கத்தினால்கூட, "உனக்கு ஆயாசமா இருக்கு, இல்லம்மா?" என்று கேட்டு, கரண்டியால் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் நிஜமான ஒருவரை ஆறு வாரம் சந்தித்து, அவர் பேசுவதைக் கேட்டு, ரெக்கார்டு எழுத வேண்டும். திருவொற்றியூரில் பெண்களுக்கு உதவும் சின்ன மையம் ஒன்றில் எனக்கு ஓர் அக்காவைக் காட்டினார்கள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நாலு மாதக் கைக்குழந்தை. கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், போனால் திரும்பி வர நாலைந்து நாளாகும். "புள்ள பெத்ததுலேர்ந்து ஏதேதோ சொல்லுது, பாத்துப் பேசு" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்காவுடையது சந்துக்குள் கடைசி வீடு. ஒரே அறை, மூலையில் தடுப்பு வைத்த பாத்ரூம், பின்பக்கச் சுவரில் கையகலத்துக்கு ஒரு ஜன்னல். முதல் புதன்கிழமை காலையில் போனேன். அக்கா என்னை "மிஸ்ஸு" என்று கூப்பிட்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

"மதியம் மூணு மணி ஆனா வந்துடுது மிஸ்ஸு. மொதல்ல பாத்ரூம்லேர்ந்து ஒரு சவுண்டு, எவனோ தண்ணிய முழுங்குற மாரி. அப்பால அழுவுன முட்டை நாத்தம். தல கிர்ருனு சுத்துது. பின்னாடி யாரோ நின்னுகினு கீற மாரியே கீது. அது வந்துடுச்சுன்னா கொயந்த அழுவுறத நிறுத்திடுது."

பிறகு குழந்தையின் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினாள். வெள்ளி அரைஞாண், அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்துக் கிடந்தது. பல்பொடி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதாம், இரண்டே நாளில் மறுபடியும் கறுத்துவிடுகிறதாம். அவள் கொலுசும் அப்படித்தான். இதற்கு முன்னால் குடியிருந்த குடும்பம் மூன்று மாதம்கூடத் தாங்காமல் காலி செய்துகொண்டு போனதாகவும், யாரோ செய்வினை வைத்த வீடு இது என்றும் சந்தில் பேசிக்கொண்டார்கள். கணவரோ லூசு மாதிரி பேசாதே என்கிறாராம்.

எனக்குச் செய்வினையில் நம்பிக்கை கிடையாது, பாடப்புத்தகத்தில் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இல்லாத சத்தம் கேட்கும், இல்லாத வாடை அடிக்கும் என்று அதற்கு முந்தைய வாரம்தான் படித்திருந்தேன். கையோடு பொருத்திப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. "நீங்க ரொம்பத் தனியா, பயந்துபோய் இருக்கீங்க அக்கா" என்றேன். அவள் கண்ணில் நீர் முட்டியது. அன்று பஸ்ஸில் வரும்போது நான் பாதி டாக்டர்.

இரண்டாவது வாரம், மூணு மணிக்கு நீயே வந்து பார் என்று அவள் கேட்டதால் மதியம் போனேன். சரியாக மூன்று அடித்துச் சில நிமிடம் இருக்கும். தடுப்புக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. களக்... களக்... என்று, தொண்டை பெரிதான ஒருவன் அவசரமில்லாமல் குடிக்கிற மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. நானும் திரும்பினேன். சுவர்தான் இருந்தது. லேசாக ஒரு வாடையும் வந்தது. எங்கள் பக்கத்தில் வாடைக்கா பஞ்சம்? மணலி ஃபேக்டரிக் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லித்தரலாம் என்று எங்களுக்கு அனுமதி இருந்தது. சொல்லிக்கொடுத்தேன். "அது வர்ற நேரத்துக்குச் சரியா உக்காருங்க. அக்கம்பக்கத்துச் சத்தம் தொந்தரவு பண்ணாம கதவைச் சாத்திக்கோங்க. போனை சைலன்ட்ல போட்டுடுங்க. நாலு எண்ணி ஆழமா மூச்சு இழுங்க, நாலு எண்ணி விடுங்க." அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதையாவது படித்து முடித்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு உண்டு.

மூன்றாவது வாரம் போகமுடியவில்லை, பரீட்சை. நான்காவது புதன்கிழமை போனபோது கதவைத் திறந்ததுமே சிரித்தாள்.

"நீ சொன்ன மாரியே பண்றேன் மிஸ்ஸு. இப்பல்லாம் நாத்தமே இல்ல. மொதல்ல ஒரு தபா குப்புனு வருது, நாலு மூச்சு இழுத்தேன்னா போயிடுது. அப்டியே கண்ண சொருவிகினு தூக்கம் வந்துடுது. கொயந்தயும் சமத்தா தூங்குது, பாலுக்குக்கூட ஏந்திரிக்கறதில்ல."

அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன. பேச்சு கொஞ்சம் இழுத்து இழுத்து வந்தது. தூங்கி எழுந்த முகம் என்று நினைத்தேன். ரெக்கார்டில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை, மதியம் லேப். சால்ட் அனாலிசிஸ். ஹைட்ரஜன் சல்பைடு வாயு விடுகிற பழைய கண்ணாடிக் குடுவை என் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெளியே போய்விட்டு வந்த தோழி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீ, முட்டை நாத்தம். எப்படிடி இங்க நிக்கிற?" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றேன். "இவ்ளோ நேரம் இதுக்குள்ளயே நிக்கிற, உன் மூக்கு செத்துப்போச்சு" என்று சிரித்தாள்.

கையில் இருந்த சோதனைக்குழாயை அப்படியே வைத்துவிட்டேன். அழுகின முட்டை வாடை அடிக்கும், வெள்ளியைக் கறுக்க வைக்கும். பிளஸ் டூவில் ஒரு மார்க் கேள்வி. வாயு அதிகமானால் முதலில் மூக்குதான் மரத்துப்போகும், வாடை நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. முதல் வருடம் நானே எழுதி மார்க் வாங்கிய பதில் இது. கெமிஸ்ட்ரி படிக்கிறவளிடம் அந்த அக்கா மூன்று வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கவுன்சலிங் படிக்கிறவளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மணி இரண்டு முப்பத்தைந்து. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சைலன்ட்டில் போடச் சொன்னதே நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஷேர் ஆட்டோ பிடித்தால், நெடுஞ்சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. பாதியில் இறங்கி லெதர் செருப்போடு ஓடினேன். வழியில் மாதா படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சந்துக்குள் நுழைந்தபோது மூன்றேகால். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன், கத்தினேன், யாரும் திறக்கவில்லை. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா எழுந்து வந்தார். "இன்னா பொண்ணே, இன்னாத்துக்கு இப்டி அலர்ற?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கதவிடம் போனார். தோளால் இரண்டு இடி இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்துகொண்டு வந்தது.

குப்பென்று முகத்தில் அடித்தது முட்டை வாடை. அக்கா பாயில் சம்மணம் போட்டபடியே சுவரில் சாய்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. மடியில் குழந்தை துணி மாதிரி தொங்கியது. தடுப்புக்குப் பின்னால் அது இன்னும் குடித்துக்கொண்டிருந்தது, களக்... களக்... நான் உள்ளே இரண்டடி வைத்திருப்பேன். மூன்றாவது மூச்சில் அந்த வாடை காணாமல் போனது. சுத்தமாக, ஒன்றுமே இல்லாததுபோல் காற்று ஆகிவிட்டது. அந்த நொடி பயந்ததுபோல் நான் அதற்கு முன்னும் பின்னும் பயந்ததில்லை.

"கொயந்தய எட்து என்னாண்ட குட்த்துட்டு, அவள இஸ்த்துகினு வா!" என்று எதிர்வீட்டு அம்மா போட்ட சத்தத்தில்தான் எனக்குக் கை கால் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தேன். அக்காவின் அக்குளில் கை கொடுத்து வாசல்வரை இழுத்தேன். சந்தில் கடல் காற்று அடித்தது. குழந்தையை அந்த அம்மா குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அது ஒரு தடவை விக்கி, பிறகு வீறிட்டு அழுதபோது, நான் தெருவென்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன்.

விஷயம் பிறகு வெளியே வந்தது. பின்பக்கச் சந்தில், ஆள் நடமாட்டம் இல்லாத மதிய நேரத்தில், கழிவுநீர் லாரி ஒன்று தினமும் வந்து பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து டேங்கைக் காலி செய்துகொண்டிருந்தது. வீட்டு ஓனர் செலவை மிச்சம்பிடித்து, பாத்ரூம் கழிவுக் குழாயை நேராகச் சாக்கடையில் சொருகியிருந்தார். கீழே கொட்டுகிற வேகத்தில் உள்ளே இருந்த வாயு அந்தக் குழாய் வழியாகக் களக் களக்கென்று மேலே வந்தது. அவ்வளவுதான் பேய்.

என் ரெக்கார்டை எங்கள் கவுன்சலிங் மேடம் முழுக்கப் படித்தார். "எல்லாப் பக்கத்திலும் பயம், பயம்னு எழுதியிருக்கே. முட்டை நாத்தம்னு அவங்க சொன்னதை ஒரு இடத்துலகூட எழுதலையேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். குழந்தை பக்கத்தில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. அவள் என்னைத் திட்டுவாள், கணவர் அடிக்க வருவார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாலு எண்ணித்தான் இழுத்தேன் மிஸ்ஸு. ஒரு நாள்கூட வுடல. நான் எங்கனா தப்பா பண்ட்டேனா?"

"இல்லக்கா, நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றேன்.

கவுன்சலிங்கைத்தான் மேற்கொண்டு படித்து, இன்று அதையே வேலையாகவும் செய்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் அழுதால் எனக்குப் பயமில்லை, கோபப்பட்டாலும் பயமில்லை. "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், இப்ப ஒண்ணுமே இல்ல, எல்லாம் சரியாயிடுச்சு" என்று யாராவது சிரித்தால்தான் பயம், நாற்காலியை விட்டு எழுந்து அவர் வீட்டுக்கே ஓடிப் பார்த்துவிடலாமா என்று இருக்கிறது.