இரண்டு கூடை மங்குஸ்தான்

1. குற்றாலத்தில் பழம் விற்கும் ஒரு பெண்ணின் கூடையைக் குரங்கு பறித்தது.
2. துரத்தியவர் வழுக்கி விழுந்து, சேலை விலகிக் கிடந்தபடி குரங்கை வாய்க்கு வந்தபடி ஏசினார்.
3. அருவிக்கு வந்த ஒருவன் அதைப் படமெடுத்து, சிரிப்புச் சத்தம் சேர்த்துத் தன் சேனலில் போட்டான். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணே சொன்னார், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில். ஒல்லியான உடம்பு. நகக்கண்ணெல்லாம் மங்குஸ்தான் கறை. யார் போனைத் தூக்கினாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் மடியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, இதுல அவனுக்கு எவ்வளவு துட்டு வந்திருக்கும்?"

வீடியோவின் நீளம், விளம்பரம், பார்ப்பவர்களின் நாடு என்று பலவற்றைப் பொறுத்தது என்றேன்.

"குத்துமதிப்பாச் சொல்லு. கலெக்டர் ஆபீசுக்கா எழுதிக் குடுக்கப் போறேன்?"

பங்கு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். சின்ன வீடியோ என்பதால் வருமானம் குறைவு. கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? ரெண்டு கூடை பழத்துக் காசுல்லா!"

இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"அத நானே குடுத்துருதேன்மா. வீடியோவ எடுத்துருவானா? கூடப் படிக்கவங்க கேலி பண்ணுதாங்கன்னு எம் மவ காலேஜுக்கே போவ மாட்டேங்கா."

அவர் சொன்னதை அப்படியே அந்தச் சேனலுக்கு எழுதி அனுப்பினேன். முகத்தை மூடியபடியே அவர் இறங்கிப் போனார்.

இதுவரை பதில் இல்லை. வீடியோ அங்கேயே இருக்கிறது. நீக்கிவிட்டானா என்று நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் பார்வைக் கணக்கில் ஒன்று கூடுகிறது.